முதலாளியின் கையில் கழகம்

பேலியகொடையில் மீன் சந்தையை அண்டிய மைதானங்களில் மாலை வேளைகளில் உதைபந்தாடும் இளைஞர்களின் மேற்சட்டைகளில், மொத்த வியாபாரி ஒருவரின் கடைப் பெயர் முதுகு நிறையப் பெரிதாகவும், கழகத்தின் பெயர் நெஞ்சோரத்தில் சிறிதாகவும் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். பந்துக்கும் சப்பாத்துக்கும் பணம் கொடுத்தவர் அவராதலால், அதிற் குற்றம் காண எனக்கு மனம் வருவதில்லை. ஆயினும் தனவந்தரின் அனுசரணை எங்கே முடிந்து உடைமை எங்கே தொடங்குகிறது என்ற வினாவை நம் கழகங்கள் கேட்டேயாக வேண்டும். அதற்கு இந்தியத் தொழிலதிபர் விஜய் மல்லையாவின் வாழ்வைப் போல விரிவாக விடை தரும் உதாரணம் வேறொன்றை நான் அறியேன்.

சென்னைக்கு வடக்கே, யுத்தகால விமான ஓடுதளமாயிருந்த சோழவரத்தில், 1980களின் தொடக்கத்தில் என்சைன் என்னும் பார்முலா ஒன் காரை ஓட்டிய அவர், தந்தை விட்டல் மல்லையா காலமானதும் 1983இல், முப்பது வயதை எட்டுமுன்னரே மதுபானக் குழுமத்தின் தலைமையை ஏற்றார். 1998இல் அக்குழுமம், கல்கத்தாவின் பரம வைரிகளான மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆகிய இரு கழகங்களின் அணிகளிலும் சரிபாதிப் பங்கை வாங்கியது. சாராய வகையொன்றின் பெயர் ஒன்றுக்கும், பியர் வகையொன்றின் பெயர் மற்றதற்கும் முன்னொட்டாயின.

இதனால் விளைந்த நன்மையை மறைப்பது நியாயமன்று. அதுவரை அபிமானிகளின் சந்தாவையும் நன்கொடையையும் பெரிதும் நம்பியிருந்த கழகங்களுக்குப் பெருநிறுவனமொன்றின் பொருட்பலம் கிடைத்தது. 2003இல் ஜகார்த்தாவில் ஆசியான் கழகக் கிண்ணத்தை ஈஸ்ட் பெங்கால் வென்றதும் அக்காலத்தில்தான். ஆனால் களத்தில் எதிரெதிரே நிற்கும் இரு அணிகளுக்கும் ஒரே பணப்பெட்டி திறக்கும்போது, ஒருவர் தோற்க மற்றவர் வெல்ல வேண்டுமென்று தலைமுறைகளாகக் கண்ணீர் சிந்திய இரசிகனின் விசுவாசத்துக்கு என்ன மதிப்பு? ஆட்டங்களில் மோசடி நடந்ததென்று நான் சொல்லவில்லை. எவர் வென்றாலும் விளம்பரம் தமக்கே என்றிருக்கும் உடைமையாளர், விளையாட்டின் உயிர்நிலையான போட்டிக்கு அந்நியராகிவிடுகிறார் என்பதே என் குறை.

பார்முலா ஒன்னில் அவருடைய சாதனை இதனினும் பெரிது, சேதமும் பெரிது. 2007இல் அவர் பங்காளியொருவரோடு வாங்கி ஃபோர்ஸ் இந்தியா என்று பெயரிட்ட அணி, செல்வமிக்க அணிகளின் நடுவே சிறிய செலவில் இயங்கி, 2016, 2017 ஆகிய இரு ஆண்டுகளிலும் நான்காம் இடத்தைப் பிடித்தது. பந்தயமோட்டி அறிந்தவனின் கண் இல்லாமல் இது கைகூடியிராது. எனினும் 2012இல் அவருடைய கிங்ஃபிஷர் விமான சேவை, ஊழியருக்குப் பல மாதச் சம்பளம் பாக்கியாக நிற்க, பறப்பதை நிறுத்தியது. 2016இல் அவர் இங்கிலாந்துக்குச் சென்றுவிட்டார். 2018இல் அணியின் சாரதியான செர்ஜியோ பெரஸே லண்டன் நீதிமன்றத்தை நாடி, 400 பேருடைய வேலையைக் காக்க வேண்டி, அணியை நிருவாகிகளிடம் ஒப்படைக்கச் செய்தார். உடைமையாளரின் பிற வியாபாரங்களின் நோய், அணியின் உடம்பிலும் ஏறிவிடும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

அதே சோழவரத்தில் ஓடிய கோயம்புத்தூர்க் கரிவரதனும் செல்வந்தர்தாம். அவரோ மாருதி காரின் பாகங்களைக் கொண்டு மலிவான பந்தயக் கார்களைக் கட்டி, இளைஞர் ஏறிப் பழகும்படி செய்து, 1995இல் விமான விபத்தில் மறைந்தார். அவ்வகைக் காரில் முதற் பந்தயம் ஓடிய நரேன் கார்த்திகேயன், 2005இல் ஜோர்டான் அணிக்காக ஓட்டி, இந்தியாவின் முதல் பார்முலா ஒன் சாரதியானார். அந்த ஜோர்டான்தான் கைமாறிக் கைமாறி மல்லையாவிடம் வந்த அணி. இந்தியாவின் பெயரைத் தாங்கி அது ஓடிய பத்தாண்டுகளுக்கு மேலான காலத்தில், ஒரு பந்தயத்திலேனும் இந்தியர் எவரும் அதன் சாரதியாக அமரவில்லை.