ஆய்வுச் சுவரொட்டியின் வாதமுறை: பொருநை அகழாய்வுக் காலக்கணிப்புகளை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

தமிழ்க் கருத்தரங்குகளில் ஆய்வுச் சுவரொட்டி பெரும்பாலும் கட்டுரையின் சுருங்கிய படியாகவே கையாளப்படுகிறது. அதற்கெனத் தனி வாதமுறை உண்டு என்பதைத் தாமிரபரணிக் கரையின் அகழாய்வு முடிவுகளை, குறிப்பாகச் சிவகளையின் காலக்கணிப்புகளைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. முடிவை முதலில் கூறுவதும் அம்முடிவின் எல்லையை அதே பார்வைப் பரப்பில் காட்டுவதும் ஒரே கடமையின் இரு கூறுகள் என இது நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஆய்வுச் சுவரொட்டி, சிவகளை, ஆதிச்சநல்லூர், காலக்கணிப்பு, தமிழ் எழுத்துரு, காட்சிப்படுத்தல்

முன்னுரை

அறிவியல் மாநாடுகளில் 1970களில் பரவலான சுவரொட்டி அமர்வு இன்று தமிழியல், வரலாறு, தொல்லியல் ஆகிய துறைகளின் கருத்தரங்குகளிலும் இடம்பெறுகிறது. கட்டுரை வாசிக்க நேரம் கிடைக்காத இளம் ஆய்வாளருக்கு ஒதுக்கப்படும் இரண்டாம் தர வாய்ப்பு என்னும் எண்ணம் இவ்வடிவத்தைச் சுற்றி இன்னும் நீங்கவில்லை. அவ்வெண்ணத்தின் விளைவைச் சுவரொட்டிகளிலேயே காணலாம். முன்னுரை முதல் துணைநூற்பட்டியல் வரை கட்டுரையின் எல்லா உறுப்புகளும் சிறிய எழுத்தில் நிரப்பப்பட்டு, நின்று வாசிக்க இயலாத ஒரு பக்கமாக அது தொங்குகிறது.

தாமிரபரணிக் கரை இவ்வடிவத்தைச் சோதித்துப் பார்க்க ஏற்ற களமாகும். ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை ஆகிய இடங்களின் அகழாய்வு முடிவுகள் ஆய்வாளர்களைக் கடந்து பொதுமக்களையும் சென்றடைந்துள்ளன. அம்முடிவுகளைப் பற்றிய சுவரொட்டி பிழையாக அமைந்தால், பிழை கருத்தரங்க அரங்கோடு நின்றுவிடாது.

1. தலைப்பும் தொடரமைப்பும்

தமிழ் ஆய்வுத் தலைப்புகளில் ‘ஓர் ஆய்வு’, ‘ஒரு பார்வை’ என்னும் முடிவுகள் மரபாகிவிட்டன. நூலுக்கும் கட்டுரைக்கும் அவை ஊறு செய்வதில்லை. அடுத்த பக்கத்தைப் புரட்ட வாசகர் ஆயத்தமாக இருக்கிறார். சுவரொட்டியின் வாசகரோ நடந்துகொண்டிருப்பவர். ‘சிவகளை அகழாய்வும் இரும்பின் தொன்மையும் – ஓர் ஆய்வு’ என்னும் தலைப்பு பேசுபொருளை மட்டும் அவருக்கு அறிவிக்கிறது. கண்டறிந்தது என்ன என்பதை மறைத்துவிடுகிறது. ‘சிவகளையில் இரும்புப் பொருள்களோடு கிடைத்த மாதிரிகள் கி.மு. 3345-க்கும் கி.மு. 2953-க்கும் இடைப்பட்டவை’ என்னும் தலைப்பு முடிவைச் சொல்கிறது. ‘மாதிரிகள்’ என்ற சொல்லின் வழியே வினாவையும் எழுப்புகிறது.

தமிழ்த் தொடரில் பயனிலை இறுதியில் அமைவதால், நீண்ட தொடரின் முடிவு கடைசிச் சொல்லில்தான் தெரியவரும். எச்சங்களை அடுக்கிச் செல்லும் ஆய்வுநடை கட்டுரையில் வாதத்தைக் கோத்துத் தருகிறது. சுவரொட்டியில் அதே நடை, முற்றுவினையை அடையும் முன்பே வாசகரை இழந்துவிடுகிறது. ஆகவே ஒரு தொடருக்கு ஒரு செய்தி என்னும் வரையறை இங்கு நடைப்பொலிவு பற்றியதன்று. பொருள் சென்று சேர்வது பற்றியது.

2. சிவகளையின் இரண்டு ஆண்டுகள்

சிவகளை தொடர்பாக இரண்டு காலக்கணிப்புகள் பொதுவெளியில் நிலைபெற்றுள்ளன. முதுமக்கள் தாழியிலிருந்து மண்ணோடு எடுக்கப்பட்ட நெல் உமி கி.மு. 1155-ஐச் சேர்ந்தது எனப் புளோரிடாவின் பீட்டா அனலிட்டிக் ஆய்வகம் கணித்ததைத் தமிழ்நாடு முதலமைச்சர் 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் அறிவித்தார். 2025 சனவரி 23 அன்று வெளியிடப்பட்ட ‘இரும்பின் தொன்மை’ என்னும் அறிக்கை, அதே ஊரின் மாதிரிகளுக்குக் கி.மு. 3345 முதல் கி.மு. 2953 வரையிலான காலத்தை முன்வைத்தது. பீட்டா அனலிட்டிக்கோடு லக்னோவின் பீர்பால் சாஹ்னி தொல்லறிவியல் நிறுவனமும் அகமதாபாத்தின் இயற்பியல் ஆய்வுக்கூடமும் இம்மாதிரிகளின் ஆய்வில் பங்கேற்றன.

இரு கணிப்புகளுக்கும் இடையே ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் உள்ளன. 2021இல் ‘3200 ஆண்டுத் தொன்மை’ என்று படித்தவரும் 2025இல் ‘5300 ஆண்டுத் தொன்மை’ என்று படித்தவரும் ஒரே மனிதராயின், முந்தையது திருத்தப்பட்டதா, பிந்தையது மிகைப்படுத்தப்பட்டதா என ஐயுறுவது இயல்பு. உண்மையில் அவை வேறு வேறு பொருள்களின் காலங்கள். நெல் உமியின் கணிப்பு அந்நெல் விளைந்த காலத்தைக் குறிக்கும். கரித்துண்டின் கரிமக் கணிப்பு மரம் உயிரோடிருந்த காலத்தைக் காட்டும். பானையோட்டின் ஒளிவழிக் கணிப்பு அது கடைசியாகச் சூடேறிய காலத்தைக் காட்டும். இம்மூன்றில் எதுவும் இரும்பை நேரடியாக அளப்பதில்லை. இரும்பின் காலம் அதனோடு ஒரே படிவில் கிடைத்த மாதிரியிலிருந்து ஊகித்துப் பெறப்படுவது. அவ்வூகத்தின் வலிமை, மாதிரியும் இரும்பும் ஒரே காலத்தில் அங்கு வைக்கப்பட்டன என்பதை மண்ணடுக்குச் சான்று எவ்வளவு உறுதிப்படுத்துகிறது என்பதைப் பொறுத்தது.

இச்செய்திகளைச் சொல்ல நீண்ட பத்தி தேவையில்லை. நான்கு நிரல்கள் கொண்ட சிறு அட்டவணை போதும்: அளக்கப்பட்ட பொருள், அளவீட்டு முறை, கிடைத்த இடமும் படிவும், கால வீச்சு. துணைக்கண்டத்தின் இரும்புக்காலத் தொடக்கம் பற்றிய பழைய வரையறையைப் பின்னோக்கி நகர்த்தும் ஒரு முடிவுக்கு இவ்வட்டவணையே காவல். அதை நீக்கிவிட்டு ‘5300’ என்னும் எண்ணை மட்டும் பெரிதாக அச்சிடும் சுவரொட்டி, முடிவைப் போற்றுவதாக எண்ணி அதை வலுவிழக்கச் செய்கிறது.

3. மையத்தொடர் வடிவமும் அதன் எல்லையும்

2019இல் அமெரிக்க ஆய்வு மாணவர் மைக் மாரிசன் முன்வைத்த வடிவம் இத்துறையில் பெருஞ்சலனத்தை உண்டாக்கியது. ஆய்வின் முடிவை எளிய ஒற்றைத் தொடராக நடுவில் மிகப் பெரிய எழுத்தில் அமைத்து, விவரங்களை ஓரங்களுக்கு ஒதுக்கி, முழுக் கட்டுரைக்கு விரைவுக் குறியீடு ஒன்றை இணைப்பது அவ்வடிவம். நிறைத்துத் திணிக்கும் பழக்கத்துக்கு அது தகுந்த மறுப்பு என்பதில் ஐயமில்லை.

எனினும் அதை அப்படியே பின்பற்றுவதில் ஓர் இடர் உள்ளது. நெல்லையின் சுவர்களில் அரசியல் அறிவிப்பும் நினைவஞ்சலியும் பயன்படுத்தும் இலக்கணமும் அதுவே: ஒரு தொடர், ஒரு படம், மறுப்புக்கு இடமில்லாத உறுதி. தெருச் சுவரொட்டியின் வேலை பறைசாற்றுவது. ஆய்வுச் சுவரொட்டியின் வேலை வினாவுக்குத் தன்னை உட்படுத்துவது. தொன்மை என்பது பெருமிதத்தோடு பிணைந்துள்ள சூழலில் இவ்வேறுபாடு எளிதில் அழியும். எனவே மையத்தொடருக்கு நேர் கீழே, அதில் பாதியளவு எழுத்திலேனும், ‘எதை அளந்தோம், எது இன்னும் உறுதியாகவில்லை’ என்னும் இரண்டாம் தொடர் இடம்பெற வேண்டும். அதை அடிக்குறிப்பாக்குவது மறைப்பதற்குச் சமம்.

4. படம், வரைபடம், எழுத்துரு

அலெக்சாண்டர் ரீ 1915இல் வெளியிட்ட ஆதிச்சநல்லூர்ப் பட்டியல் தொல்பொருள்களை ஒவ்வொன்றாக வரிசைப்படுத்துகிறது. பட்டியலின் அறம் முழுமை. சுவரொட்டியின் அறம் தெரிவு. பத்துத் தாழிகளின் சிறு படங்களைவிட, அளவுகோலும் திசைக்குறியும் குழி எண்ணும் கொண்ட ஒரு தாழியின் பெரிய படம் மிகுதியாகப் பேசும். ஆதிச்சநல்லூரில் 2023இல் திறக்கப்பட்ட கண்ணாடித் தள அமைப்பு, தாழிகளை அவை கிடந்த இடத்திலேயே காணச் செய்கிறது. பொருளை அதன் மண்ணிலிருந்து பிரிக்காமல் காட்டும் அந்நெறி சுவரொட்டிப் படத்துக்கும் பொருந்தும்.

இணையத்திலிருந்து வெட்டி ஒட்டப்படும் நிலப்படம் மற்றொரு குறை. நெடுஞ்சாலைகளும் கடைப் பெயர்களும் நிறைந்த அப்படத்தில் ஆறு மெல்லிய கோடாகக் கரைந்துவிடுகிறது. பொதிகையிலிருந்து கடல் வரை ஆற்றைத் தடித்த கோடாக வரைந்து, கோடைமேலழகியான் முதல் திருவைகுண்டம் வரையுள்ள எட்டு அணைக்கட்டுகளைக் குறுக்குக் கோடுகளாக இட்டால், அவ்வட்டார மக்கள் எவரும் தம் இடத்தை உடனே கண்டுகொள்வர். அதில் ஆற்றின் தென்கரையில் ஆதிச்சநல்லூரையும் வடபுறத்தில் சிவகளையையும் கடலுக்குச் சற்று உள்ளே கொற்கையையும் குறித்தால், இவ்விடங்கள் அனைத்தும் ஆற்றின் கீழ்ப்பகுதியில் திரண்டிருப்பது விளக்கமின்றியே புலப்படும்.

எழுத்துரு பற்றிய கவனமும் இன்றியமையாதது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. மேலும் கீழும் விரியும் உயிர்மெய்க் குறிகளுக்கு வரியிடைவெளி கூடுதலாக வேண்டும். ஆங்கிலத்துக்கென அமைந்த வார்ப்புருவில் தமிழை ஊற்றும்போது எழுத்தளவு சுருக்கப்படுவது இதனால்தான். சுருக்கப்பட வேண்டியது சொல்லெண்ணிக்கை. 2010இலேயே தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் டேஸ் 16-ஐயும் தரமாக ஏற்றிருந்தும், பாமினி போன்ற பழைய குறியாக்கங்கள் அச்சகங்களில் இன்னும் புழங்குகின்றன. கோப்பு ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது கொம்பும் காலும் இடம்பெயர்வதைத் தவிர்க்க, எழுத்துரு உட்பொதிந்த பிடிஎப் கோப்பை மட்டுமே அச்சுக்குத் தருவதும், 841 × 1189 மி.மீ. அளவுள்ள முழுப்படியை அச்சிடும் முன் அதன் ஒரு பகுதியை உண்மை அளவில் எடுத்து ஐந்தடி தொலைவில் வைத்துப் படித்துப் பார்ப்பதும் பயன் தரும்.

5. சுவரொட்டியின் அருகே ஆய்வாளர்

கட்டுரையாசிரியர் தம் வாசகரைக் காண்பதில்லை. சுவரொட்டியின் ஆசிரியர் வாசகரின் அருகில் நிற்கிறார். இவ்வடிவத்தின் பெரும்பேறு இதுவே. சுவரொட்டியில் உள்ளதை ஒப்பிப்பது அப்பேற்றை வீணாக்குகிறது. படத்தை மறைக்காமல் ஒருபுறம் நின்று, முடிவை ஒரு தொடரிலும் சான்றை இரண்டு தொடர்களிலும் கூறி, வினாவுக்கு இடம்விடுவது போதுமானது.

‘அந்தக் கரி, இரும்பைவிடப் பழைய மரத்தின் கரியாக இருக்கலாகாதா?’ என்பது சிவகளை பற்றிய சுவரொட்டி எதிர்பார்க்க வேண்டிய வினா. பழமரச் சிக்கல் எனக் காலக்கணிப்பு நூல்கள் பேசும் இவ்வினாவுக்கு, கரிமக் கணிப்பையும் ஒளிவழிக் கணிப்பையும் அருகருகே வைத்துக் காட்டும் அட்டவணை விடையின் தொடக்கமாகும். அதைத் தலைப்பிலேயே முந்திக்கொண்டு மூடிவிட்ட சுவரொட்டி, தன் முன் நிற்கும் மதிப்பீட்டாளரை இழக்கிறது.

முடிவுரை

சுவரொட்டியின் குறுக்கம் ஒரு வடிவச் சிக்கலாக மட்டும் கருதப்படுகிறது. எதை விடுவது என்னும் முடிவு உண்மையில் ஆய்வறம் பற்றியது. பின்னணியையும் முன்னாய்வுப் பட்டியலையும் விட்டுவிடலாம். அளக்கப்பட்ட பொருளையும் கால வீச்சையும் விடலாகாது. பொருநைக் கரையின் தொன்மை மறுக்கும் வினாக்களைத் தாங்கி நிற்கும் வலுவுடையதாயின், அவ்வினாக்களுக்கு இடமளிக்கும் சுவரொட்டியே அதற்கு உரிய மரியாதை செய்கிறது.