இரிடியம் கணக்கில் விட்டுப்போன 500 கோடி

இரிடியம் பற்றி ரெண்டு கதைகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. மேலாண்மைப் பாடம் எடுப்பவர்கள் சொல்வது: வாடிக்கையாளர் யாரென்றே தெரியாமல் மோட்டரோலா செயற்கைக்கோள் விட்டது, மாட்டிக்கொண்டது. விண்வெளித் தொழிலுக்கு ஆள் சேர்ப்பவர்கள் சொல்வது: பாருங்கள், இரிடியம் இன்னமும் ஓடுகிறது, விண்வெளியில் போட்ட பணம் வீண்போகாது. ரெண்டாவது கதைதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது.

முதலில் நடந்தது. 1987ல் மோட்டரோலா பொறியாளர்களுக்கு வந்த யோசனை இது. 77 செயற்கைக்கோள் என்று திட்டம், இரிடியத்தின் அணு எண்ணும் 77, அதனால் அந்தப் பேர். பிறகு 66 போதும் என்றானது, பேரை மட்டும் மாற்றவில்லை. (66 டிஸ்ப்ரோசியம். அந்தப் பேரில் யார் ஃபோன் வாங்குவார்கள்?) 1998 நவம்பர் 1 அன்று சேவை தொடங்கியது. ஃபோன் விலை சுமார் 3,000 டாலர், பேச நிமிடத்துக்குப் பல டாலர். திட்டத்துக்கான மொத்தச் செலவு சுமார் 500 கோடி டாலர். 1999 ஆகஸ்ட் 13ல் திவால் மனு. ஒன்பதரை மாதம்கூட முழுசாக ஆகவில்லை.

ஆள் வரவில்லை என்பது உண்மைதான். ஆனால் அதைவிட முக்கியமானது, இந்தத் தொழிலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆரம்பிக்க முடியாது என்பது. செல்ஃபோன் கோபுரத்தை ஒரு ஊரில் நட்டு, வருகிற காசில் அடுத்த ஊருக்குப் போகலாம். 780 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள் உங்கள் தலைக்கு மேல் பத்து நிமிடம்கூட நிற்காது. அது மறையும்போது இன்னொன்று வந்தாக வேண்டும். ஆக, உலகத்தில் ஒருத்தருக்குத் தடையில்லாமல் சேவை தர வேண்டுமென்றாலும் கிட்டத்தட்ட முழுத் தொகுப்பும் மேலே இருந்தாக வேண்டும். முதல் காசு வருவதற்கு முன்பே எல்லாக் காசும் போயாகிவிட்டது. அதற்குள் பதினோரு வருஷம் ஓடி, ஜிஎஸ்எம் ஊர் ஊராகப் பரவிவிட்டது. இரிடியம் ஃபோனோ கட்டடத்துக்குள் எடுக்காது, வெளியே வந்து வானத்தைப் பார்த்து நிற்க வேண்டும். ஹோட்டல் அறையில் உட்கார்ந்திருக்கும் வியாபாரிக்குத்தான் அதை விற்கப் பார்த்தார்கள்!

இன்னொன்று. மோட்டரோலா இதில் முதலீட்டாளர் மட்டுமல்ல, விற்பனையாளரும்கூட. செயற்கைக்கோள் அமைப்பைக் கட்டித்தர இரிடியத்துடன் போட்ட ஒப்பந்தமே சுமார் 345 கோடி டாலர். இந்திய நிதி நிறுவனங்களின் பணமும் இரிடியத்தில் போனது. அந்தச் சண்டை உச்ச நீதிமன்றம் வரை வந்து, உள்நோக்கம் தேவைப்படும் குற்றங்களுக்கும் ஒரு கம்பெனி மீது வழக்குத் தொடரலாம் என்று 2010ல் தீர்ப்பானது. மோட்டரோலா ஏமாற்றியது என்ற தீர்ப்பல்ல அது, வழக்கு நடக்கலாம் என்பது மட்டுமே. நியூயார்க்கில் கடன் கொடுத்தவர்கள் போட்ட வழக்கில் 2007ல் மோட்டரோலா பக்கம்தான் ஜெயித்தது.

சரி, இரண்டாவது கதைக்கு வருவோம். செயற்கைக்கோள்களை வளிமண்டலத்தில் இறக்கி எரித்துவிடலாம் என்று முடிவாகியிருந்த நேரத்தில், 2000 கடைசியில் ஒரு புதுக் குழு மொத்தத்தையும் 2.5 கோடி டாலருக்கு வாங்கியது. நூறு ரூபாய்ப் பொருள் எட்டணாவுக்கு! கூடவே அமெரிக்கப் பாதுகாப்புத் துறை இரண்டு வருஷத்துக்கு 7.2 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. வாங்கிய விலையைப் போல மூன்று மடங்கு கையில். இப்படி ஆரம்பித்தால் யார்தான் பிழைக்க மாட்டார்கள்? ‘பிழைத்த இரிடியம்’ என்பது 500 கோடியைக் கணக்குப் புத்தகத்திலிருந்து கிழித்த பிறகு மிஞ்சிய இரிடியம். பழைய செயற்கைக்கோள்களை மாற்ற வேண்டிய கட்டம் வந்தபோது செலவு சுமார் 300 கோடி. அப்போதும் பெருங்கடனுக்குப் பிரான்ஸின் ஏற்றுமதிக் கடன் அமைப்பு கோஃபாஸ் உத்தரவாதம் தந்துதான் காரியம் நடந்தது.

குளோபல்ஸ்டாரும் இதே வழிதான். 2002ல் திவால், 2004ல் 4.3 கோடி டாலருக்குக் கைமாறியது. 2022ல் ஐஃபோன் 14க்கு அவசர உதவிச் செய்தி வசதி வேண்டுமென்று ஆப்பிள் தேடிப் போனது இந்தக் கம்பெனியைத்தான்.

மலையில் மாட்டிக்கொண்டவர் உயிர் பிழைப்பதும், நடுக்கடலில் கப்பல் பேசுவதும் பெரிய பயன்கள்தான், மறுக்கவே இல்லை. ஆனால் பயன் ஒருத்தருக்கும் நஷ்டம் இன்னொருத்தருக்கும் போயிருக்கும்போது, பயனை மட்டும் கூட்டி ‘விண்வெளியின் பொருளாதார மதிப்பு’ என்று எழுதுவது கணக்காகாது. எந்த ஆண்டில், யார் பணம், எவ்வளவு எரிந்தது என்ற பத்தியும் பக்கத்தில் வேண்டும்.

ஸ்டார்லிங்க் வேறு மாதிரி என்பார்கள். ஓரளவு ஒத்துக்கொள்கிறேன். ராக்கெட் சொந்தம், செயற்கைக்கோளின் ஆயுள் சுமார் ஐந்து வருஷம், அதனால் இரிடியம் போல ஒரே வடிவமைப்பில் பதினோரு வருஷம் சிக்கிக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அந்த ராக்கெட் கம்பெனி தள்ளாடிக்கொண்டிருந்த 2008 டிசம்பரில் நாசா கொடுத்த 160 கோடி டாலர் சரக்கு ஒப்பந்தத்தை எந்தப் பத்தியில் எழுதுவார்கள்?