இரு குரல்களும் ஒரு பாட்டியும்

வெம்பாக்கத்தில் ஒரு திருமண வரவேற்பில்தான் 'என்ஜாய் எஞ்சாமி' முதன்முதலாக என் செவியில் விழுந்தது. இளைஞர் ஆடினர், ஒலிபெருக்கி அதிர்ந்தது, சொல் ஒன்றும் விளங்கவில்லை. ஆட்டப் பாட்டு என்றே ஒதுக்கினேன். பின்னொரு தவக்கால இரவில் தனித்திருந்து கேட்டபோதுதான், ஆட்டத்தின் நடுவே எழுவது ஒப்பாரி என்பது புலனாயிற்று.

2021 மார்ச்சில் வெளிவந்த இப்பாடலை எழுதியவர் அரக்கோணத்து இளைஞர் அறிவு. பாடகி தீயுடன் இணைந்து பாடியவரும் அவரே. இசைத் தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். பாடலின் கரு அறிவின் பாட்டி வள்ளியம்மாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தாயகம் திரும்பியவர். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்ததை நம்மில் எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்?

மேலைநாட்டில் 'எமோ பங்க்' எனப்படும் இசையிலும் அழுகை உண்டு. 2002இல் 'டேக்கிங் பேக் சண்டே' என்னும் அமெரிக்கக் குழுவின் முதல் தொகுப்பில் இரு ஆண் குரல்கள் ஒன்றையொன்று இடைமறித்துக் கதறுகின்றன. அது முறிந்த காதலுக்கும் நட்புக்குமான கதறல். இங்கோ துயரம் தலைமுறைகளுடையது. நிலத்தைப் பண்படுத்தியவருக்கு நிலம் உரிமையாகவில்லை என்னும் முறையீடு. திருப்பாடல்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்களே என்பதையும், 88ஆம் திருப்பாடல் ஆறுதலின்றி இருளிலேயே முடிவதையும் அறிந்த நமக்கு இக்குரல் அந்நியமன்று.

தீயின் குரல் அடங்கி, நீட்டி இசைக்கிறது. அறிவின் குரல் பறையடிபோல் சொற்களை வீசுகிறது. நம் பக்கத்துப் பட்டுத் தறியில் கரைக்கு ஒரு நாடா, உடலுக்கு ஒரு நாடா ஓடிக் கோர்வை பிடிப்பது போன்ற இணைப்பு இது. ஆயினும் ஒரு குறை சொல்லத்தான் வேண்டும். இசையின் மெருகு அளவு மீறியது. அந்த இனிமையே முறையீட்டை மறக்கச் செய்கிறது. நானே மறந்தவன்தானே!

2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டையில் தீ இருந்தார், அறிவு இல்லை. கண்டனம் எழுந்த பின்னரே அவருக்கென மின்னட்டை வந்தது. 2022 ஜூலை 28 அன்று சென்னைச் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் இதைப் பாடினர். அறிவு மேடையில் இல்லை. அவர் தம் மனக்குறையை வெளியிட்டார். வருவாயும் உரிமையும் மூவருக்கும் சமம் என்றார் சந்தோஷ் நாராயணன். அந்தக் கணக்கில் நான் தலையிடவில்லை. மாரியம்மாளின் குரலிலும் மண்வாசம் உண்டு. எனினும், வள்ளியம்மாளின் பேரன் நின்று பாடாத இடத்தில் அந்த முறையீடு எவருடையது என்ற கேள்வி என்னை விட்டு அகலவில்லை.

அண்மையில் மற்றொரு வரவேற்பில் அதே பாட்டு ஒலித்தது. ஒப்பாரிப் பகுதி தொடங்கியதும் ஒலிபெருக்கிக்காரர் அடுத்த பாட்டுக்குத் தாவிவிட்டார்.