ஒரே நிறுவியில் ஒரு சர்வர்: ஸாம்ப் தருவதும் மறைப்பதும்

வலைச் செயலி எழுதப் புகுபவர் முதல் வரி நிரலுக்கு முன்பே தம் மேசைக் கணினியை ஒரு சர்வராக்கியாக வேண்டும். அப்பாச்சி என்னும் வலை சர்வரை நிறுவி, பிஎச்பி மொழியை அதனுடன் இணைத்து, தரவுத்தளத்தைத் தனியே ஏற்றி, மூன்றும் ஒன்றோடொன்று பேசும்படி செய்ய வேண்டும். மூன்றும் வெவ்வேறு குழுக்கள் உருவாக்கியவை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அமைப்புக் கோப்பு. 2002இல் ஜெர்மனியில் தொடங்கிய அப்பாச்சி ஃப்ரெண்ட்ஸ் திட்டம் இவற்றையெல்லாம் ஒரே நிறுவியில் சேர்த்து ஸாம்ப் என்ற பெயரில் இலவசமாகக் கொடுத்தது. இன்றும் பல கல்லூரி ஆய்வகங்களில் வலைநிரலாக்கம் இதிலிருந்துதான் தொடங்குகிறது. தொடக்கத்துக்கு இது நல்ல வழி என்பதில் ஐயமில்லை. ஆனால் இதிலேயே தங்கிவிடும் வழக்கம், செயலி எந்தச் சூழலில் ஓடுகிறது என்ற அறிவைச் செயலியிலிருந்தே பிரித்துவிடுகிறது.

முதலில் இதன் வலிமையை நேர்மையாக எடைபோட வேண்டும். ஸாம்பை நிறுவி, அப்பாச்சிக்கும் தரவுத்தளத்துக்கும் எதிரே உள்ள பொத்தான்களை அழுத்தினால் போதும். எச்டிடாக்ஸ் கோப்புறையில் ஒரு கோப்பை வைத்து, உலாவியில் லோக்கல்ஹோஸ்ட் என்று அடித்தால் பக்கம் வந்துவிடுகிறது. இணைய இணைப்பு தேவையில்லை, வாடகை சர்வர் தேவையில்லை. குறைந்த நினைவகம் கொண்ட பழைய கணினியிலும் ஓடும். நிறுவும் வேலையிலேயே மனம் சோர்ந்து துறையை விட்டு விலகியிருக்கக்கூடியவர்களுக்கு, எழுதியதை உடனே கண்ணால் காணும் ஊக்கம் கிடைக்கிறது. கற்பித்தலில் இதற்கு ஈடான உதவி அரிது.

சிக்கல், செயலி மேசைக் கணினியை விட்டு வெளியேறும் நாளில் தெரிகிறது. விண்டோஸ் வழக்கமாகக் கோப்புப் பெயர்களில் ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறுபடுத்துவதில்லை, லினக்ஸ் வேறுபடுத்தும். அதனால் வீட்டில் ஒழுங்காகத் திறந்த பக்கம், லினக்ஸ் சர்வரில் ‘கோப்பு இல்லை’ என்கிறது. தரவுத்தள அட்டவணைப் பெயர்களுக்கும் இதே கதிதான். பழைய ஸாம்பில் பழகியவர் எழுதிய ‘மைஎஸ்கியூஎல்_கொயரி’ வகைச் செயற்கூறுகளை, 2015 டிசம்பரில் வந்த பிஎச்பி 7 அடியோடு நீக்கிவிட்டது. புதிய சர்வரில் அந்த நிரல் நின்றுபோகும். தமிழில் தளம் அமைப்பவருக்கு இன்னொரு அடியும் உண்டு. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் 5.7 பதிப்பு வரை அதன் இயல்பு எழுத்துக் குறியாக்கம் லத்தீன்1. தம் கணினியில் யுடிஎஃப்8 அமைப்பு முன்பே செய்யப்பட்டிருந்ததை அறியாதவர், அத்தகைய சர்வருக்குப் போனதும் தமிழ் வரிகள் கேள்விக்குறிகளாவதையோ பிழைச் செய்தி வருவதையோ கண்டு திகைக்கிறார்.

இவை தனித்தனிக் கோளாறுகள் போலத் தோன்றினாலும் வேர் ஒன்றுதான். செயலியின் நடத்தையைத் தீர்மானிக்கும் முடிவுகள் செயலியின் கோப்புறையில் இல்லை. சி டிரைவில் ஸாம்ப் தனக்கென வைத்திருக்கும் அமைப்புக் கோப்புகளில் இருக்கின்றன. நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்னும் கருவியில் அதை ஏற்றும்போது அவை கூடவே போவதில்லை. பாதுகாப்பிலும் இதே மறைவு தீங்கு செய்கிறது. ஸாம்பின் தரவுத்தளத்தில் ரூட் பயனருக்குக் கடவுச்சொல் கிடையாது. ஸாம்ப் உருவாக்கப் பணிக்கு மட்டுமே, பொதுப் பயன்பாட்டுக்கு அல்ல என்று அதன் ஆக்கியோரே தெளிவாக எழுதியுள்ளனர். ஆனால் ரூட், வெற்றுக் கடவுச்சொல் என்ற இணையே பாடக் குறிப்புகளின் இணைப்பு வரியாகப் பதிந்து, கைப்பழக்கமாகவும் ஆகிவிடுகிறது.

ஸாம்புக்கு மாற்றாக, செயலியை அதன் சூழலோடு ‘கொள்கலன்’ ஒன்றில் ஓட்டும், 2013இல் வெளிவந்த டாக்கர் என்னும் கருவி முன்வைக்கப்படுகிறது. பிஎச்பி எந்தப் பதிப்பு, தரவுத்தளம் எது, எந்தப் போர்ட் என்பனவற்றையெல்லாம் ஓர் உரைக்கோப்பில் எழுதி நிரலோடு வைத்துவிடலாம். அதைப் பெறும் எவரும் கிட்டத்தட்ட அதே சூழலை எழுப்பலாம். இதற்கு வலுவான மறுப்பு இரண்டு உண்டு. டாக்கர் கனமானது: விண்டோஸில் அதன் வழக்கமான கொள்கலன்கள் ஒரு லினக்ஸ் கருவை மெய்நிகர் முறையில் ஓட்டுகின்றன, 4 ஜிபி நினைவகக் கணினி திணறிப்போகும். இதை ஏற்கத்தான் வேண்டும். ஆய்வகக் கணினிகளின் நிலையைப் பார்க்காமல் டாக்கரைக் கட்டாயமாக்குவது அநீதி. இரண்டாவது மறுப்பு, யாரோ எழுதிய கோப்பை அப்படியே ஒட்டினால் டாக்கரும் மறைக்கத்தானே செய்கிறது என்பது. இதுவும் உண்மையே. ஆயினும் அங்கே மறைந்திருப்பது படிக்கக்கூடிய உரையாக, நிரலின் பக்கத்திலேயே கிடக்கிறது. என்றாவது ஒருநாள் திறந்து பார்க்கலாம், மாற்றம் நேர்ந்தால் யார் எப்போது மாற்றினார் என்று கிட் சொல்லும்.

ஆகவே கருவியை மாற்றுவதைவிட முதன்மையானது, சூழலை எழுதிவைக்கும் ஒழுக்கம். அதை ஸாம்பிலேயே தொடங்கலாம். பிஎச்பி, தரவுத்தளப் பதிப்புகளையும் எழுத்துக் குறியாக்கத்தையும் ஒரு குறிப்புக் கோப்பில் பதியலாம். அட்டவணைகளை உருவாக்கும் கட்டளைகளை நிரலோடு சேமிக்கலாம். கடவுச்சொல் உள்ள தனிப் பயனரை உருவாக்கி, அந்த விவரத்தைக் கிட்டுக்குப் போகாத அமைப்புக் கோப்பில் வைக்கலாம். இவற்றில் எதற்கும் புதிய கணினி வேண்டாம். ஒரு பருவத்தில் ஒரு முறையாவது அப்பாச்சி, பிஎச்பி, தரவுத்தளம் மூன்றையும் மாணவர் லினக்ஸில் தனித்தனியாக நிறுவி இணைக்கும்படி பாடத்திட்டம் கேட்க வேண்டும். இணைப்பு எங்கே அறுந்தது என்று தேடத் தெரிந்தவர், நாளை எந்தக் கருவி வந்தாலும் அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்பார். நிரலாக்கக் கல்வி தர வேண்டிய தேர்ச்சி அதுதான். நிறுவும் பாடத்தையும் அந்த நோக்கத்தோடுதான் அமைக்க வேண்டும்.