ஆட்டம் நடக்குமா?

"சார், அரையிறுதி ஆட்டம் இங்கே நடக்குமா?" என்று கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். 2015ஆம் வருஷம் டிசம்பர் முதல் வாரம். அடையாறு வீடுகளுக்குள் புகுந்திருந்தது. விமான நிலையம் மூடிக் கிடந்தது. 1878இல் தொடங்கிய 'ஹிந்து' பத்திரிகையே 2ஆம் தேதி சென்னையில் அச்சாகவில்லை. இந்த நேரத்தில் பந்தைப் பற்றி ஒரு கேள்வியா என்று எனக்குச் சுருக்கென்றது.

பிறகு யோசித்துப் பார்க்கையில், மழையைப் பற்றி நான் எழுதியவற்றை எல்லாம்விட அந்தக் கேள்வி யோக்கியமானதாகத் தோன்றிற்று.

நம் கதைகளில் மழைக்கு இரண்டே உத்தியோகம். காதலர்களைத் தாழ்வாரத்தில் ஒதுங்க வைக்கும். இல்லாவிட்டால், யாராவது சாகும்போது கொட்டித் தீர்க்கும். இந்தக் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு. கால்பந்து ரசிகனுக்கு அப்படி இல்லை. மழை என்ன செய்யும் என்று அவனுக்குத் தெரியும். புல் லேசாக நனைந்திருந்தால் பந்து வழுக்கிக்கொண்டு வேகமாக ஓடும். தண்ணீர் தேங்கிவிட்டாலோ பாதி வழியில் நின்றுவிடும். குறுக்கே குறுக்கே தட்டி விளையாடும் கோஷ்டி திண்டாடும், தூக்கி அடிப்பவன் பிழைப்பான். நடுவர் பந்தை மைதானத்தில் போட்டு, எழும்புகிறதா, உருளுகிறதா என்று பார்ப்பார். மழை அங்கே ஒரு பாத்திரம். நம் கதைகளில் அது வெறும் திரைச்சீலை.

குளிர் நாடுகளில் இந்தக் கவலை பனியைப் பற்றியது. 1963ஆம் வருஷக் குளிர்காலத்தில் இங்கிலாந்தில் மைதானங்கள் கல்லாக இறுகிவிட்டன. கோப்பைப் பந்தயத்தில் லிங்கன், கவென்ட்ரி கோஷ்டிகளின் ஒரே ஆட்டம் 15 தடவை தள்ளிப் போயிற்று. பந்தய முடிவின்மேல் பணம் கட்டியவர்கள் சும்மா இருப்பார்களா? பழைய ஆட்டக்காரர்கள் சிலரை ஓர் அறையில் உட்காரவைத்து, நடக்காத ஆட்டங்களில் யார் ஜெயித்திருப்பார்கள் என்று தீர்ப்புச் சொல்லச் செய்தார்கள்! இதைப் படித்தபோது எனக்கு நம் தொடர்கதைகள் ஞாபகம் வந்தன. பாத்திரங்களை மைதானத்தில் இறக்குவதே இல்லை. முடிவை மட்டும் ஆசிரியர் அறைக்குள்ளிருந்து அறிவித்துவிடுகிறார். வாசகரும் பணம் கட்டியவர்தானே, வாங்கிக்கொண்டு போகிறார்.

திருவள்ளூர்ப் பக்கம் குளிரால் எந்த ஆட்டமும் நிற்காது. கார்த்திகை மழைதான் எமன். அந்த வருஷம் சென்னையில் நடக்கவேண்டிய அரையிறுதியைப் பூனாவுக்குக் கொண்டுபோனார்கள். டிசம்பர் 12ஆம் தேதி சென்னையின் எஃப்.சி. கல்கத்தாவை 3-0 என்று வென்றது. கல்கத்தாவில் நடந்த மறு ஆட்டத்தில் 1-2 என்று தோற்றும் இறுதிக்குப் போயிற்று. 20ஆம் தேதி கோவாவில் இறுதி ஆட்டம். முடியச் சில நிமிஷங்களே இருக்கையில் 1-2 என்று பின்தங்கியிருந்தவர்களுக்கு, எதிரிக் கோல்காப்பாளர் கையாலேயே ஒரு கோல் கிடைத்தது. உடனே மெண்டோசா இன்னொன்று போட்டார். 3-2. நான் இப்படி ஒரு முடிவு எழுதினால் பத்திரிகாசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார், நியாயமாகவே. மைதானத்தில் ஆடிக் காட்டியதால் அது நம்பக்கூடியதாயிற்று.

வெள்ளத்தில் அடிபட்ட ஊருக்கு இந்த வெற்றி ஆறுதல் என்று பேசிக்கொண்டார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. கோப்பை வந்ததால் எந்த வீட்டுப் பாயும் காயவில்லை. ஊரின் துக்கத்தையும் ஆட்டத்தின் சந்தோஷத்தையும் ஒன்றுக்கொன்று ஈடுகட்டிக் கணக்கை முடிப்பது, தாழ்வாரத்து மழையைப்போல ஒரு சௌகரியம், அவ்வளவுதான்.

நண்பரைப் பிறகு பார்த்தபோது, பூனா ஆட்டம் எப்படி என்று கேட்டேன்.

"பந்து நன்றாக ஓடிற்று, சார். நம்ம மைதானமாக இருந்தால் அந்த மூன்றில் எது தண்ணீரில் நின்றிருக்கும் என்று யோசித்துக்கொண்டேதான் பார்த்தேன்" என்றார். பிறகு, வீட்டில் கட்டிலைச் செங்கல்மேல் தூக்கி வைத்திருப்பதாகவும், இன்னும் இறக்கவில்லை என்றும் சொன்னார்.