கத்தியும் கீழ்ப்படிதலும்

கன்னியர் மடம் ஒன்று கொலையாளிகளைப் பயிற்றுவிக்கிறது என்று ஒரு புதினம் தொடங்கினால், நம்மில் பலர் அதை உடனே மூடி வைத்துவிடுவோம். அமெரிக்க எழுத்தாளர் ராபின் லாஃபீவர்ஸின் ‘டார்க் ட்ரையம்ப்’ நூலை நாமும் அத்தகைய மனத்தோடுதான் கையில் எடுத்தோம். 2012இல் வந்த ‘கிரேவ் மெர்சி’யின் தொடர்ச்சியாக 2013இல் வெளியான இருண்ட காதற்கதை இது. படித்து முடித்தபோது நம் சினம் இடம் மாறியிருந்தது.

பிரெஞ்சு முடியாட்சிக்கு எதிராகத் தன் உரிமையைக் காக்கப் போராடிய பிரிட்டானியே கதைக்களம். 1488இல், பதினோரு வயதில் பட்டத்துக்கு வந்த கோமகள் ஆன், அவளை மணக்கத் துடித்த அலென் தால்ப்ரே ஆகியோர் வரலாற்று மாந்தர். சாவின் பழந்தெய்வமான மோர்ட்டெய்னைப் புனிதர் என்ற பெயரில் வணங்கும் மடம் கற்பனை. சாவுக்குரியவர்மேல் அத்தெய்வத்தின் குறி தோன்றும். அதைக் கண்டு கன்னியர் கொல்வர்.

கதைத் தலைவி சிபெல்லா, தால்ப்ரேயின் மகள். கொடுமை நிறைந்த தந்தையின் இல்லத்திலிருந்து மனம் சிதைந்து மடத்தில் அடைக்கலம் புகுந்தவள். அவளையே அந்த இல்லத்துக்குத் திருப்பி அனுப்புகிறார் மடத்தலைவி. தந்தையைக் கொல்லும் வாய்ப்பு உனக்கே என்பதுதான் அவளுக்குக் காட்டப்படும் ஆசை. நம் சினம் திரும்பியது இங்கேதான். ஒரு குழந்தையின் காயத்தை ஆற்றாமல், அதைத் தன் திட்டத்துக்குக் கருவியாக்கும் அதிகாரத்தைவிடக் கூரிய கத்தி எது? கீழ்ப்படிதல் நற்பண்பே, ஆயினும் மனச்சான்றைக் கொன்றுவிட்டுப் பெறும் கீழ்ப்படிதல் இறைவனுக்குரிய காணிக்கை ஆகாது. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் மனச்சான்றின் மாண்பை வலியுறுத்தியதை இங்கு நினைவுகூர வேண்டும். ஆன்மாக்களின் பொறுப்பை ஏற்றிருக்கும் நாம் கதையின் மடத்தலைவியை மட்டும் குறைகூறித் தப்பிவிட முடியாது.

நான்ட் நகரச் சிறையிலிருந்து சிபெல்லா மீட்கும் வீரன் பீஸ்ட், அழகற்ற முகமும் நேரிய உள்ளமும் உடையவன். அவனுடைய தங்கையோ தால்ப்ரேயின் மனைவியாகி மாண்டவள். தான் யாருடைய மகள் என்பதை அவனிடம் சிபெல்லா மறைக்கிறாள். உண்மை வெளிப்பட்ட பின்னும் அவன் அவளை வெறுத்து ஒதுக்கவில்லை. தந்தையின் பாவத்தை மகன் சுமப்பதில்லை என்ற எசேக்கியேல் இறைவாக்கினரின் போதனை இங்கே கதையாகிறது. அவளைக் குணமாக்கத் தொடங்குவது கத்தியன்று. முழுமையாக அறியப்பட்ட பின்னும் ஏற்றுக்கொள்ளப்படும் அனுபவமே. ஒப்புரவு அருட்சாதனத்தில் மண்டியிட்டு எழுந்த எவருக்கும் இது புதிதன்று.

நூலின் குறையும் இதையொட்டியதே. இவ்வளவு ஆழமாக ஒரு காயத்தைக் கண்ட ஆசிரியர், கொல்லப்படுவோருக்கு அந்தக் கண்ணைத் தரவில்லை. அவர்கள் தீயோர் என்று காட்டிவிட்டால் போதும், வாசகர் வருந்தத் தேவையில்லை என எண்ணுகிறார். கொலைக்குக் கவர்ச்சி ஏறுவது இவ்வாறுதான்.

உறவுக்குள் நிகழும் பாலியல் வன்முறையும் பேசப்படுவதால் இது சிறாருக்கான நூலன்று. ஆனால் வளர்ந்த பிள்ளை படிப்பதைக் கண்டால் பெற்றோர் பறித்து எறிய வேண்டாம், தாமும் படிக்கட்டும். பிறகு ஒரே ஒரு வினா கேட்கட்டும்: “அந்தப் பெண்ணை அவ்வீட்டுக்குத் திருப்பி அனுப்பியது சரியா?” சொல்ல இயலாத துயரோடு நம் இல்லத்திலேயே ஒரு பிள்ளை இருக்குமாயின், அது பேசத் தொடங்க அவ்வினா ஒரு வாயிலாகலாம்.