ஒற்றும் ஆய்வும்: கேத்தரின் வெர்டெரியின் நூலை முன்வைத்து ஒரு திறனாய்வு

முன்னுரை

புறநானூற்றின் 47ஆம் பாடலுக்கு அமைந்த அடிக்குறிப்பு ஒரு நிகழ்ச்சியைத் தெரிவிக்கிறது. சோழன் நலங்கிள்ளியிடமிருந்து புறப்பட்டு உறையூருக்குள் புகுந்த இளந்தத்தன் என்னும் புலவனை ஒற்றன் எனக் கருதி நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தான். அப்பொழுது கோவூர்கிழார் பாடி அப்புலவனை மீட்டார். பகைநாட்டின் வழியே வந்த கல்வியாளன் ஒருவன் உளவுக் குற்றம் சாட்டப்பட்டு உயிராபத்துக்கு உள்ளானதைக் கூறும் பழைய சான்றுகளுள் இது ஒன்று எனலாம்.

அண்மைக் காலத்தில் இத்தகைய நிகழ்ச்சிகள் மிகுந்துள்ளன. கள ஆய்வுக்காகவோ ஆவண ஆய்வுக்காகவோ பிறநாடு சென்ற ஆய்வாளர்கள் ஒற்றர்கள் எனச் சிறைப்படுத்தப்பட்டுள்ளனர். இப்பொருளைச் சிந்திப்பதற்கு அமெரிக்க மானிடவியலாளர் கேத்தரின் வெர்டெரி 2018இல் வெளியிட்ட ‘மை லைஃப் அஸ் எ ஸ்பை’ என்னும் நூல் பெரிதும் துணைபுரிகிறது. ‘ஓர் ஒற்றராக என் வாழ்க்கை’ என அதன் தலைப்பைத் தமிழில் கூறலாம். இந்நூலின் மையக் கருத்தை மதிப்பிடுவதும், நாம் அதனோடு உடன்படும் இடத்தையும் மாறுபடும் இடத்தையும் எடுத்துரைப்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆராய்தல் என்னும் சொல்

ஆய்வாளரையும் ஒற்றரையும் ஒன்றாகக் காணும் மயக்கம் அயல்நாட்டுக் காவல்துறையினருக்கு மட்டும் உரியதன்று. அதற்கான இடம் நம் மொழியிலேயே உள்ளது. திருக்குறளின் 59ஆம் அதிகாரமாகிய ‘ஒற்றாடல்’ ஒற்றனின் தொழிலைக் குறிக்க ‘ஆராய்தல்’ என்னும் வினையையே ஆள்கிறது. 584ஆம் குறளிலும் 586ஆம் குறளிலும் அச்சொல் வருவதைக் காணலாம். நாம் பெருமையோடு ‘ஆராய்ச்சி’ என வழங்கும் சொல்லும் ஒற்றனின் செயலைச் சுட்டும் சொல்லும் ஒரே வேரின.

சொல் மட்டுமன்றி முறையும் ஒத்திருக்கிறது. ஒருவன் கொண்டுவந்த செய்தியை வேறொருவன் வழியாகச் சரிபார்க்க வேண்டும் என்பதும், ஒருவரையொருவர் அறியாத மூவர் கூற்று ஒத்திருந்தால் அதை நம்பலாம் என்பதும் 588, 589ஆம் குறள்களின் கருத்துகள். இன்றைய கள ஆய்வு நெறிமுறை நூல்கள் மாணவர்க்குக் கற்பிப்பதும் ஏறத்தாழ இதுவே. கௌடில்யரின் அர்த்தசாத்திரமோ இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. ஓரிடத்தில் நிலைத்திருந்து பணிபுரியும் ஒற்றர் வகைகளுள் முதலாவதாக அது கூறுவது மாணாக்கன் கோலம் பூண்டவனையே.

எனினும் வேறுபாடும் அதே அதிகாரத்தில் உள்ளது. ஒற்றனுக்குப் பிறர் அறியச் சிறப்புச் செய்யலாகாது என்கிறது 590ஆம் குறள். செய்தால் மறைபொருள் வெளிப்பட்டுவிடும். ஆய்வாளரின் நிலை இதற்கு நேர்மாறானது. அவர் கண்டதை அச்சிட்டு எவரும் படிக்கத் தருகிறார். நன்றியுரையில் உதவியோரைப் போற்றுகிறார். தாம் கண்டது தவறாயின் பிறர் மறுப்பதற்கும் இடமளிக்கிறார். ஒற்றாடலும் ஆராய்ச்சியும் முறையில் நெருங்கி முடிவில் பிரிகின்றன என்பதே எம் கருத்து. வெர்டெரியின் நூலை இவ்வடிப்படையில் அணுகலாம்.

கோப்பில் எழுந்த உருவம்

வெர்டெரி 1973இல் தம் முனைவர் பட்ட ஆய்வுக்காக ருமேனியாவின் ட்ரான்சில்வேனியப் பகுதிக்குச் சென்றார். அப்பொழுது அங்கே சௌசெஸ்குவின் பொதுவுடைமை ஆட்சி நிலவியது. வந்த சில நாள்களிலேயே சிறிய மோட்டார் வண்டியில் சென்றபோது அறியாமல் இராணுவப் பகுதி ஒன்றனுள் நுழைந்துவிட்டார். ‘செக்யூரிட்டாத்தே’ என்னும் இரகசியக் காவல்துறையின் ஐயம் அங்கே தொடங்கியது. பின்னர்ப் பலமுறை அவர் அந்நாட்டுக்குச் சென்று திரும்பினார். ஆட்சி வீழ்ந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னர்த் தம்மைப் பற்றிய கோப்பைப் பெற்றார். அது 2,781 பக்கங்களைக் கொண்டிருந்தது.

அக்கோப்பில் அவர் கண்ட பெண் அவருக்கே அறிமுகமில்லாதவள். ஓரிடத்தில் அவள் இராணுவச் செய்தி திரட்டுபவள்; வேறோரிடத்தில் ஹங்கேரியர் சார்பில் கிளர்ச்சி தூண்டுபவள்; பிறிதோரிடத்தில் ஆட்சி எதிர்ப்பாளர்களின் தோழி. காலத்துக்குக் காலம் அரசின் அச்சம் மாற, கோப்பிலிருந்த குற்றமும் மாறியது. அவளுக்குப் புனைபெயர்களும் சூட்டப்பட்டிருந்தன. ‘நாட்டார் வழக்காற்றியலாளர்’ என்னும் பொருள்பட்ட பெயரும் அவற்றுள் ஒன்று. அவருடைய துறையே அவருக்கு மறைபெயராக்கப்பட்டது நோக்கத்தக்கது.

நூலின் சிறப்பு, வெர்டெரி இதனைப் பழிப்புரையாக எழுதாமையாகும். கோப்பைத் தம் பழைய களக்குறிப்புகளோடு ஒப்பிடுகிறார். தம்மைக் காட்டிக்கொடுத்த நண்பர்களைத் தேடிச் சென்று உரையாடுகிறார். தம்மைக் கண்காணித்த அதிகாரிகளையும் சந்திக்கிறார். நண்பர்கள் எத்தகைய நெருக்கடியில் அச்செயலுக்கு உடன்பட்டனர் என்பதைப் பொறுமையோடு விளக்குகிறார். அதிகாரிகளின் கண்கொண்டு தம்மைக் காணவும் முயல்கிறார். மக்களிடம் நெருங்கிப் பழகுதல், கேட்டதை இரவில் எழுதிவைத்தல், பெயர்களை மறைத்தல், எழுதியதை வெளிநாட்டுக்கு அனுப்புதல் ஆகியவற்றைச் செய்பவரை ஒற்றர் என அவர்கள் நினைத்ததில் வியப்பில்லை என்னும் முடிவுக்கு வருகிறார்.

சிறைப்பட்டோர்

வெர்டெரி சிறை செல்லவில்லை. அவருக்குப் பின்வந்தோர் சிலருக்கு அந்நற்பேறு வாய்க்கவில்லை. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக வரலாற்றுத்துறை மாணவர் சியூ வாங், காஜார் அரசமரபுக் காலத்தை ஆராய ஈரான் சென்று, 2016இல் சிறைப்பட்டார். அவர் திரட்டிய ஏறத்தாழ 4,500 பக்க மின்படிகள் அவருக்கு எதிரான சான்றாகக் கூறப்பட்டன. நூறாண்டுக்கு முந்தைய ஆட்சியைப் பற்றிய ஆய்வுக்குப் பத்தாண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. 2019 டிசம்பரில் கைதிப் பரிமாற்றத்தின் வழியே அவர் விடுபட்டார். ஆஸ்திரேலிய விரிவுரையாளர் கைலி மூர்-கில்பர்ட் 2018இல் ஈரானில் கல்விக் கருத்தரங்கொன்றில் கலந்துகொண்டு திரும்பும் வேளையில் பிடிபட்டு, 804 நாள்கள் சிறையிலிருந்தார். டரம் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் மேத்யூ ஹெட்ஜஸ் 2018 மே மாதம் துபாய் விமான நிலையத்தில் பிடிபட்டார். அவ்வாண்டு நவம்பர் 21ஆம் நாள் ஆயுள் தண்டனை பெற்ற அவர் ஐந்து நாள்களில் பொதுமன்னிப்புப் பெற்றார். மன்னித்த அரசு அவர் ஒற்றரே என்னும் கூற்றை மட்டும் கைவிடவில்லை. கெய்ரோவில் தெரு வணிகரின் தொழிற்சங்கங்களை ஆராய்ந்த கேம்பிரிட்ஜ் மாணவர் ஜூலியோ ரெஜெனியோ 2016 ஜனவரி 25ஆம் நாள் காணாமற்போனார். சித்திரவதைத் தழும்புகளோடு அவருடல் பிப்ரவரி 3ஆம் நாள் கண்டெடுக்கப்பட்டது.

இந்நிகழ்ச்சிகளில் பொதுவாகக் காணப்படுவது ஒன்றுண்டு. ஆய்வாளர் தம் தொழிலைச் செம்மையாகச் செய்ததே குற்றச்சாட்டுக்கு மூலப்பொருளாயிற்று. மிகுதியாகப் படியெடுத்தல், மிகுதியாக வினவுதல், பலரோடு பழகுதல் ஆகிய மூன்றும் ஆய்வேட்டில் பாராட்டப்படுவன. அரசின் கோப்பில் சான்றாவன.

நாம் மாறுபடும் இடம்

இங்கேதான் வெர்டெரியின் முடிவோடு நாம் முழுமையாக உடன்பட இயலவில்லை. அதிகாரியின் பார்வையை விளங்கிக்கொள்வது வேறு. அதற்கு இசைவளிப்பது வேறு. அவர் நூல் சில இடங்களில் முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு வழுக்கிச் செல்கிறது. முறை ஒத்திருப்பதை ஏற்றுக்கொண்ட அளவுக்கு, முடிவு வேறுபடுவதை அது வற்புறுத்தவில்லை. ஆய்வு நூலில் கண்ட செய்தி வெளிப்படை. தந்தவர் பெயர் மறைவு. காவல்துறைக் கோப்பிலோ கண்ட செய்தியே மறைவு. எவரைப் பற்றி எழுதப்பட்டதோ அவர் அதைப் படித்து மறுக்க வழியில்லை. வெர்டெரி தம் கோப்பைப் படிப்பதற்கு ஓர் ஆட்சியே வீழ வேண்டியிருந்தது. அவர் நூலை எந்த அதிகாரியும் கடையில் வாங்கிப் படிக்கலாம்.

எனினும் பல்கலைக்கழகங்கள் வழக்கமாகக் கூறும் ‘இவர் கல்வியாளர் மட்டுமே’ என்னும் மறுப்பும் போதியதன்று. ஆய்வை முகமூடியாக அணிந்தோர் வரலாற்றில் இருந்துள்ளனர். மானிடவியலாளர் நால்வர் முதல் உலகப்போர்க் காலத்தில் ஆய்வின் பெயரால் ஒற்றாடினர் என 1919 டிசம்பரில் ‘தி நேஷன்’ இதழில் பிரான்ஸ் போவாஸ் குற்றஞ்சாட்டினார். அத்தகையோரால் இனி நேர்மையான ஆய்வாளரையும் எவரும் நம்பார் என்பது அவர் கவலை. அமெரிக்க மானிடவியற் சங்கம் ஒற்றாடியவர்களைக் கண்டிக்கவில்லை. 20க்கு 10 என்னும் வாக்குகளால் போவாஸையே கண்டித்தது. அக்கண்டனத்தை அது விலக்கிக்கொண்டது 2005இல்தான். இன்று சிறைப்படும் மாணவர் ஒருவர் மீது விழும் ஐயத்தில், அன்று துறை காத்த மௌனத்துக்கும் பங்குண்டு.

கோவூர்கிழாரின் வாதம் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. அவர் பாடலில் ஒற்று என்னும் பேச்சே இல்லை. குற்றச்சாட்டை அடிக்குறிப்பின் வழியேதான் நாம் அறிகிறோம். ஒருவன் ஒற்றன் அல்லன் என்பதை மெய்ப்பிப்பது அரிது என அவர் அறிந்திருந்தார் போலும். ஆகவே மறுப்புக் கூறாமல், புலவர் வாழும் வாழ்க்கை எத்தகையது என விளக்குகிறார். அது பிறர்க்குத் தீங்கு செய்வதுண்டோ என வினவுகிறார். ஒற்றுமைகளைப் பட்டியலிடும் காவல்துறையின் அளவுகோலை விடுத்து, தீங்கு என்னும் அளவுகோலை முன்வைக்கிறார். புலவரின் வாழ்க்கை அனைவரும் அறிந்ததாக இருந்தமையால் அவ்வாதத்துக்கு வலிமை உண்டாயிற்று.

தகவலாளியின் நிலை

ஆனால் கோவூர்கிழாரின் அளவுகோலை நாம் ஏற்றுக்கொண்டால், அது நம்மையும் அளக்கும். உறையூரில் இளந்தத்தனுக்கு உணவளித்தவர் எவரேனும் இருந்திருப்பின் அவர் நிலை என்னவாயிற்று என்பதைப் பாடலோ அடிக்குறிப்போ கூறவில்லை. இன்றைய செய்திகளிலும் அப்பகுதி விடுபட்டே போகிறது. சிறைப்பட்ட ஆய்வாளருக்குப் பல்கலைக்கழகமும் தூதரகமும் குரல் கொடுக்கும். அவருக்குச் செய்தி தந்தவருக்கு அத்தகைய துணை இல்லை. 2019 ஜூன் மாதம் ஈரானில் பிடிபட்ட பிரெஞ்சு ஆய்வாளர் இருவருள் ரோலான் மார்ஷல் 2020 மார்ச்சில் விடுதலை பெற்றார். ஈரானியக் குடியுரிமையும் உடைய மானிடவியலாளர் ஃபாரிபா அடெல்காவோ 2023 பிப்ரவரியில்தான் சிறையை விட்டு வெளிவந்தார். மண்ணோடு உறவு மிகுந்தவர்க்கே துன்பமும் மிகுதி என்பதற்கு இது சான்றாகும். பேசியதற்காகக் கிராமத்தில் எஞ்சியிருப்போரின் நிலையை இதிலிருந்து உய்த்துணரலாம்.

எம் பட்டறிவிலிருந்தும் ஒன்றைக் கூறல் பொருந்தும். முனைவர் பட்டத்துக்காக ஒரு தோட்டப்புறத்தில் வாய்மொழி வழக்காறுகளைத் திரட்டிய காலத்தில், தொழிலாளர் குடியிருப்பைக் காலிசெய்வது பற்றிய பூசல் அங்கே நடந்துகொண்டிருந்தது. பாடல்களோடு அப்பேச்சையும், பேசியவர் பெயரோடு, குறிப்பேட்டில் எழுதினோம். ஒரு மாலை லயத்து வாசலில் இருந்த மூதாட்டி, “எல்லாத்தையும் எழுதுறீங்களே தம்பி, இதைக் கிராணி படிப்பாரா?” என்று கேட்டார். பல்கலைக்கழகத்துக்காக எழுதுகிறோம் என்றோம். அவர் கேட்டது அதுவன்று. அன்று காலைதான் அக்குறிப்பேட்டைத் தோட்ட அலுவலக மேசையில் மறந்து வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி எடுத்திருந்தோம். அதை அவரிடம் கூற எமக்குத் துணிவு வரவில்லை. அன்றிரவே பெயர்களைக் கிழித்தெடுத்து வேறு தாளில் எண்களோடு எழுதி வேறிடத்தில் வைத்தோம். தீங்கு எதுவும் விளையவில்லை. விளையாமற்போனதற்கு எம் நெறி காரணமன்று.

நாட்டார் வழக்காற்றியலில் செய்தி தருபவரைத் ‘தகவலாளி’ என்கிறோம். காவல்துறையும் தனக்குத் தகவல் தருவோரை நம்பியே இயங்குகிறது. வெர்டெரியின் நண்பர்கள் பகலில் முன்னவராகவும் பின்னர் அச்சத்தால் பின்னவராகவும் இருந்தனர். ஒரே மனிதரை இருவேறு எழுத்துகளுக்கு உரியவராக்கிய அந்நிலைக்குத் தம் வருகையும் ஒரு காரணம் என வெர்டெரி உணர்ந்து எழுதும் பகுதிகளே, எம் மதிப்பீட்டில், இந்நூலின் உயர்ந்த பகுதிகள். ஒற்றரைப் போன்றவர் என அவர் தம்மைக் கூறிக்கொள்வதை நாம் ஏற்கவில்லை. தம்மோடு பேசியவர்க்குத் தாம் கடன்பட்டவர் என அவர் கூறுவதை மறுக்க இயலாது.

முடிவுரை

ஒற்றாடலும் ஆராய்ச்சியும் முறையால் ஒத்திருப்பதை மறைப்பதில் பயனில்லை. வெளிப்படைத்தன்மையாலும், தீங்கு செய்யாமையாலும் அவை வேறுபடுகின்றன. இவ்விரண்டையும் ஆய்வாளர்தாம் தம் ஒழுக்கத்தால் நிலைநாட்ட வேண்டும். எம் மாணவர் சிலர் தமிழகத்துக்கும் இலங்கைக்கும் களப்பணிக்குச் செல்கின்றனர். அவர்கள் நிரப்பும் படிவங்கள் காப்புறுதியையும் பயணச் செலவையும் வினவுகின்றன. நோக்கத்தை எவரிடம் எவ்வாறு கூறுவீர், பெயர்ப் பட்டியலை எங்கே வைப்பீர், நீர் திரும்பிய பின் உம்மோடு பேசியவரை எவரேனும் விசாரித்தால் அவர் என்ன செய்வார் ஆகிய மூன்று வினாக்களும் அப்படிவத்தில் இடம்பெற வேண்டும். மூன்றாவதற்கு விடை எழுத இயலாத மாணவர், அவ்விடத்தில் அப்பொருளை ஆராயாதிருப்பதே நன்று.

இளந்தத்தனுக்காகப் பேச ஒரு கோவூர்கிழார் இருந்தார். ஆய்வாளருக்காகப் பேச இன்று பலர் உள்ளனர். ஆய்வாளருக்கு வாசலில் பாய்விரித்துப் பேசியவருக்காகப் பேசும் கடமை அவ்வாய்வாளரையே சாரும்.